நாற்பது சம்மதங்கள்

முத்தரைப்பட்டினத்தில் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கடற்காற்று நின்றுவிடும். ஏறக்குறைய அதே நேரத்தில் சூரியனும் உப்பளங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும். மேற்கே கணவாயிலிருந்து மலைக்காற்று வந்து சேர ஏழு மணியாகும். இடைப்பட்ட ஒன்றேகால் மணி நேரத்துக்கு வானம் அந்த நகரத்துக்கு எதுவும் தருவதில்லை. நகரமோ அப்போதுதான் வேலை முடிந்து வந்து, விளக்கைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்து, மின்விசிறிக்குக் கீழே உட்காரும்.

இந்த ஒன்றேகால் மணி நேரத்தைக் கடத்திவிடுவதுதான் ஜெசிந்தா மொராய்ஸின் உத்தியோகம்.

பெரும்புயலுக்குப் பிறகு பத்தொன்பது நாள் நகரம் இருட்டில் கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த கம்பிகளெல்லாம் சாய்ந்து, எப்போது நிமிரும் என்று சொல்ல ஆளில்லாமல் போனபோது, மாநகராட்சி ஒரு முடிவெடுத்தது: இனி நம் மின்சாரத்தை நாமே செய்துகொள்வோம். வீட்டுக்கு வீடு மொட்டைமாடியைக் கொடுத்தார்கள். உப்பளக்காரர்கள் வரப்புகளில் காற்றாலை நட இடம் விட்டார்கள். நகர மின்கழகம் பிறந்தது. ஊரார் அதை மின்கழகம் என்று சொல்லவில்லை. 'நம்ம கரண்டு' என்றார்கள்.

மின்சாரத்தைப் பற்றி ஒன்றே ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பாள் ஜெசிந்தா. அது பிறக்கிற நொடியிலேயே செலவாக வேண்டும். ஊரே சேர்ந்து ஒரு தராசைப் பிடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் உற்பத்தி, மறுதட்டில் செலவு. முள் நடுவில் நிற்கும்வரை எல்லாம் சுகம். கொஞ்சம் சாய்ந்தால் மோட்டார்கள் முனகும். மேலும் சாய்ந்தால் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். மொத்த ஊரும் அணையும். நண்பகலில் மிஞ்சுவதைச் சேர்த்துவைக்க உப்பு மின்கலங்கள் இருந்தன. கடல் உப்பிலிருந்து எடுத்த சோடியத்தால் ஆனவை, கப்பல் சரக்குப்பெட்டி அளவில் நூற்றிருபது. அவையும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் எட்டில் ஏழு பங்கைத்தான் தாங்கின. மீதி ஒரு பங்கை யாராவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பழைய காலமாக இருந்தால் ஒரு பகுதியை மொத்தமாக அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஜெசிந்தா வேறு வழி கண்டுபிடித்தாள். எல்லா வீட்டு மீட்டருக்குப் பக்கத்திலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதற்குக் 'கேட்பான்' என்று பெயர். ஆறு மணிக்கு அது வாய்திறந்து கேட்கும்: "இன்னிக்குக் கொஞ்சம் கரண்டு விட்டுத் தர முடியுமா?" சரி என்றால் விளக்கு மங்கும், குளிர்பெட்டி ஓயும். முடியாது என்றால் ஒன்றும் நடக்காது. சட்டம் இல்லை, அபராதம் இல்லை, கேள்வி மட்டும்தான். கேட்கிற குரலும் ஜெசிந்தாவுடையதே. எதிரொலி வராமலிருக்க அலுவலகக் குளியலறையில் நான்கு துண்டுகளைத் தொங்கவிட்டு, அவளே பேசிப் பதிவு செய்தாள். ஊர்ப்பெண்ணின் குரலில் கேட்டால் ஊர் கொடுக்கும் என்பது அவள் கணக்கு. கணக்குத் தப்பவில்லை. முதல் வாரமே ஊர் அள்ளிக் கொடுத்தது.

தினமும் கேட்டால் தொந்தரவு அல்லவா? அதற்கும் ஒரு விதி எழுதினாள். தொடர்ந்து நாற்பது தடவை சரி என்று சொன்ன வீட்டை மறுபடி கேட்க வேண்டாம். சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து பத்து தடவை முடியாது என்ற வீட்டையும் கேட்க வேண்டாம். அவர்களை ஏன் சங்கடப்படுத்த வேண்டும்? இரண்டும் மரியாதைக்காக எழுதியவைதான்.

மூன்று வருஷம் ஓடியது. தராசு முள் ஒருநாளும் சாயவில்லை. பதினோரு நகரங்கள் கேட்பான் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு, ஒப்பந்தத்துக்குச் சனிக்கிழமை நாள் குறித்தன.

"எம்மா ஜெசிந்தா," என்று மேயர் கோமதிநாயகம் வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டார். "விழாவுக்கு ஒரு முகம் வேணும்லா? ஊர்லயே அதிகமா விட்டுக்கொடுத்த வீடு எதுன்னு உன் பெட்டியக் கேட்டுச் சொல்லு. பொன்னாடை போத்திருவோம். நீயே போய் அழைச்சிட்டு வந்துரு."

பெட்டி ஒரு பெயரைத் தந்தது. பிலோமினா சேசடிமை, சங்குக்குளித் தெரு.

ஜெசிந்தா அந்தப் பெயரை இரண்டு தரம் படித்தாள். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமிதான். பார்த்தே ஏழெட்டு வருஷம் இருக்கும். கடைசியாகப் பார்த்தபோது பிலோமி வீட்டிலேயே இறால் வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். சாயங்காலப் படகில் வருகிற இறாலை உரித்து, உறையவைத்து, காலையில் ஓட்டல்களுக்குக் கொடுப்பாள். கைநிறைய வேலை, வாய்நிறையக் கேலி.

ஆறேகாலுக்கு ஜெசிந்தா அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது, முதலில் அவளுக்கு வழி தவறிவிட்டதாகத் தோன்றியது. தெருமுனை வரை பளிச்சென்றிருந்த ஊர், அங்கே வந்ததும் இருண்டுபோயிருந்தது. ஜனங்கள் வாசலில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். யாரும் அதை ஓர் அதிசயமாகப் பார்க்கவில்லை.

"யாரு அது? ஏட்டி, ஜெசியா!" வீட்டுக்குள்ளிருந்து குரல் முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தாள். "பெரிய ஆபீசர் வந்துருக்காக, வெளக்குக்கூட இல்லாம வரவேற்கிறேன் பாரு. உள்ள வா. கால் தட்டிரும், நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்."

"ஏன் இருட்டா இருக்கு, பிலோமி?"

"ஆறு மணிக்குமேல அப்படித்தான். ஏழு ஏழரைக்கு வந்துரும்." மிகச் சாதாரணமாகச் சொன்னாள். "நாலு மணிக்கே சோறு கொழம்பெல்லாம் முடிச்சிருவேன். பழகிப்போச்சு. இரி, சாயா போடுதேன். ஃபிளாஸ்க்ல வெந்நி இருக்கு."

அடுக்களையில் இருவர் படுக்கலாம்போல ஒரு குளிர்பெட்டி நின்றது. ஜெசிந்தா தடவிப் பார்த்தாள். மேலே துணி மடித்து அடுக்கியிருந்தது.

"வியாபாரம்?"

"அதை விட்டு ஒரு வருசமாச்சே."

"ஏன்டி?"

பிலோமினா சீனி டப்பாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. "எறா இருக்குல்லா, அது வந்த ஒடனே ஒறையணும். ஒரு மணி நேரம் பிந்துனாப் போதும், தல கருத்துப்போகும். கெட்டதுன்னு இல்ல, ஆனா ஓட்டல்காரன் வாங்க மாட்டான். படகு வர்றதே அஞ்சரைக்கு. ஆறு மணிக்குக் குளிர்பெட்டி ஓஞ்சிரும். பிறவு எங்க ஒறைய? நாலஞ்சு தடவ திருப்பி அனுப்பிட்டாவ. சரி போகட்டும்னு விட்டுட்டேன். இப்ப ஒரு கம்பெனிக் கொட்டகையில உரிக்கப் போறேன்."

"கூலிக்கா?"

"பின்ன என்ன, கலெக்டர் வேலைக்கா?" சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெளிய சொல்லிராத. மவளுக்கு நிச்சயம் பண்ணியிருக்கு, பெரிய எடம். எங்க வீட்டுக்காரரு கப்பல்ல சம்பாதிக்கிறது போதும்னு கடைய மூடிட்டதாத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

ஜெசிந்தாவின் கையில் சாயா தம்ளர் சுட்டது. அவள் கீழே வைக்கவில்லை.

"நீ முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே, பிலோமி. அதுக்குத்தானே பெட்டி கேக்குது?"

"எங்க கேக்குது? மொதல்ல கேட்டுச்சு. ஒன் குரல்ல 'விட்டுத் தர முடியுமா'ன்னு கேக்கும்போது இல்லன்னு எப்படிச் சொல்ல? எடுத்துக்கோட்டி, எடுத்துக்கோன்னுதான் சொன்னேன். இந்தத் தெருவே அப்படித்தான் சொல்லிச்சு. நம்ம ஜெசி கேக்கா, நம்ம கரண்டு. கொஞ்ச நாள்ல அது கேக்குறதையே விட்டுட்டு. தன்னால எடுத்துக்கும்."

"ஆபீசுக்கு ஒரு புகார் கொடுத்திருக்கலாம்."

"நம்ம வீட்டுக் கொழம்புல உப்பு இல்லன்னு தெருவுல போய் எவளாவது சொல்லுவாளா?"

இருட்டில் ஜெசிந்தாவுக்கு முகம் எரிந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் அவள். விருந்துக்கு வந்தவரிடம் 'இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா' என்று கேட்டால் 'போதும், வேண்டாம்' என்பார்கள். அந்தப் 'போதும்' என்ற சொல்லை அந்த ஊரில் எந்த முட்டாளும் நம்புவதில்லை. வைக்கிறவள் கையை நிறுத்த மாட்டாள்; தட்டைப் பார்த்துத்தான் வைப்பாள். விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னாலும் அப்படித்தான்: 'அய்யோ, உங்களுக்கு வேண்டாமா?' என்று தள்ளித் தள்ளி மறுத்த பிறகே கைநீட்டுவார்கள். இதெல்லாம் தெரிந்தவள்தான் ஓர் இயந்திரத்துக்கு முதல் பதிலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பிறகு, கேட்பதையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

"பிலோமி," என்றாள். "சனிக்கிழமை பதினோரு ஊருக்கு இந்தப் பெட்டியக் கொடுக்கப் போறாங்க. அங்கயெல்லாம் இப்படித்தான் ஆகும். நான் மேடையில உண்மையச் சொல்லிரலாம்னு பாக்கேன். ஒன் கதையச் சொன்னாத்தான் நம்புவாங்க. சொல்லட்டுமா?"

சீனி கலக்குகிற கரண்டி ஒரு நிமிஷம் நின்றது.

"சொல்லிக்கோ," என்றாள் பிலோமினா. "பரவால்ல. ஒனக்கு நல்லதுன்னா சொல்லிக்கோ."

ஜெசிந்தாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பொன்னாடையைச் சொல்லி விழாவுக்கு அழைத்து, நன்றி சொல்லிவிட்டு, விளக்கு வருவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வருஷப் பதிவுகளைப் பார்த்தாள். நகரத்தில் முப்பத்தெட்டாயிரம் வீடுகள். விட்டுத்தர வேண்டிய அந்த எட்டில் ஒரு பங்கில் பாதிக்குமேல் வெறும் இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினோரு வீடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. முடியாது என்ற வீடுகள் ஒதுங்க ஒதுங்க, சரி என்ற வீடுகளின் மேல் சுமை ஏறியது. முதல் வருஷம் இருபது நிமிஷம் மங்கல். இப்போது ஒரு மணி நேரத்துக்குமேல் முழு இருட்டு. பெட்டி யாரையும் ஏமாற்றவில்லை. எங்கே தள்ளினால் சத்தம் வராதோ அந்தப் பக்கம் தள்ளியது. மேட்டிலிருந்து தண்ணீர் இறங்குவதுபோல.

மத்தியானம் அவள் தன் வீட்டுப் பதிவையும் எடுத்துப் பார்த்தாள். தொடங்கின முதல் பத்து நாளும் சாயங்காலங்களில் வீட்டில் அலுவலக வேலை இருந்தது. ஊருக்கே விளக்கு எரிய வேண்டும் என்கிற வேலை. பத்து நாளும் முடியாது என்றிருக்கிறாள். அதற்குப் பிறகு பெட்டி அவளிடம் வாய்திறக்கவே இல்லை. அவள் கவனிக்கவும் இல்லை. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மூன்று வருஷமாக, விட்டுக்கொடுக்கும் மனம் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறாள்.

மேயரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீ சொல்றது நாயந்தான். ஆனா தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்துல ஜாதகம் பொருந்தலன்னு சொல்லுவாங்களா? நாளைக்குக் கையெழுத்தாகட்டும். பிறவு சத்தமில்லாமச் சரி பண்ணிக்கோ."

"பதினோரு ஊர் சார்."

"எல்லாம் பெரிய ஊரு. அவங்களுக்குப் புத்தி இல்லாமலா இருக்கும்?"

சனிக்கிழமை மாநகராட்சி மண்டபம் நிறைந்திருந்தது. பிலோமினா நீலப் பட்டு கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இரண்டாம் வரிசையில், அவள் மகளின் வருங்கால மாமனாரும் மாமியாரும். சம்பந்தி வீட்டுக்குக் கிடைக்கப்போகிற கௌரவத்தைப் பார்க்க வந்தவர்கள். ஜெசிந்தாவுக்கு அவர்களைத் தெரியாது.

அவள் ஒலிபெருக்கி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். தராசையும், நாற்பது சம்மதங்களையும், இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினோரு வீடுகளையும். விளக்கிச் சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. ஒரு கட்டத்தில் மண்டபமே மூச்சைப் பிடித்துக் கேட்பதை உணர்ந்தாள். அவளுக்கு அது பிடித்துமிருந்தது. தல கருத்துப்போன இறாலைச் சொன்னாள். ஓட்டல்கள் திருப்பி அனுப்பியதைச் சொன்னாள். சொந்தமாக வியாபாரம் செய்தவள் இன்று கொட்டகையில் கூலிக்கு உரிப்பதைச் சொன்னாள். "அந்தப் பெண் இதோ நம் முன்னால் அமர்ந்திருக்கிறார். இந்தத் தவறைச் செய்தது நான். இதைத் திருத்தாமல் எந்த ஊருக்கும் கொடுக்காதீர்கள்" என்று முடித்தாள்.

மேயர் எழுந்தார். நாற்பது வருஷ அரசியல் சும்மா போகுமா? ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா! தன் பொழப்பே போனாலும் வாயத் தொறக்காம ஊருக்கு வெளிச்சம் கொடுத்த தாய்! இப்படியொரு தியாகிய எந்த ஊரு பெத்துருக்கு?"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பொன்னாடை வந்தது. பிலோமினா எழவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தோளைத் தொட்டு எழுப்பினார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தலை குனிந்து, பொன்னாடையை வாங்கினாள். இரண்டாம் வரிசைப் பக்கம் அவள் ஒரே ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். மகளின் வருங்கால மாமியார் தன் கணவரின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிலோமினா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

ஜெசிந்தா மேடையிலிருந்து இறங்கி ஓடப்போனபோது ஒருவர் குறுக்கே வந்து வணங்கினார். ஒரு பெருநகரத்தின் ஆணையர், வித்யாதரன். படித்த, அமைதியான முகம்.

"ரொம்ப நேர்மையான பேச்சு மேடம். ஒரு சின்ன சந்தேகம். எங்க ஊர்ல ஒன்பது லட்சம் வீடு. புகார் சொல்லாத வீடுகள் எதுன்னு கண்டுபிடிக்க உங்க பெட்டிக்கு எத்தனை நாள் ஆகும்?"

அவளுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை.

"அது கோளாறு சார். அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்."

"புரியுது, புரியுது. எங்களுக்கும் மனிதாபிமானம் உண்டு. மெதுவா சரிசெய்வோம். ஆனா முதல் ரெண்டு கோடைக்காலத்தை ஓட்டியாகணுமே?"

"வீட்டு வீட்டாப் பதிலை நினைவுல வச்சுக்கிற அந்தப் பகுதி முழுவதையும் நான் இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அழிச்சிருவேன்."

"உங்க ஊர்ல அழிங்க," என்றார் அவர், பரிவோடு. "எங்களுக்கு அதோட பிரதி புதன்கிழமையே வந்துருச்சு, மேடம். ஒப்பந்த ஆவணங்களோட."

கையெழுத்து பன்னிரண்டு மணிக்கு ஆனது. பதினோரு ஊரும் போட்டன.

ஜெசிந்தா கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முப்பத்தெட்டாயிரம் வீடுகளும் மூன்று வருஷமாகச் சொல்லிய சரிகளையும் முடியாதுகளையும் ஒன்றுவிடாமல் அழித்தாள். அந்த இடத்தில் கேள்வியே இல்லாத ஒரு விதியை எழுதினாள்: மேயர் வீடோ, ஜெசிந்தா வீடோ, சங்குக்குளித் தெருவோ, எல்லாருக்கும் முறை வைத்து ஒன்பதே நிமிஷம். உயிர்காக்கும் கருவி உள்ள வீடுகளுக்கு மட்டும் விலக்கு. எழுதி முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதியிருக்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆறு மணிக்குத் தராசு முள் ஒருமுறை நடுங்கிவிட்டு நின்றது. ஆறு மணி மூன்று நிமிஷத்துக்குத் தொலைபேசிகள் அலறின. இருபது இணைப்புகளுக்கும் ஆள் போதாமல் ஜெசிந்தாவே ஒன்றை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். லிஃப்டில் மாட்டிய வக்கீல். பாதியில் நின்ற சினிமா. 'நான் யாருன்னு தெரியுமா' என்று நாலு பேர். ஒன்பது நிமிஷத்துக்கு இத்தனை சத்தம். அவள் ஒவ்வொன்றையும் பதிந்துகொண்டே போனாள்.

ஆறரை இருக்கும்.

"மின்கழகம், சொல்லுங்க."

மறுமுனையிலிருந்து, "நீயாட்டி எடுத்துருக்க?"

ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள். "பிலோமி! நான் ஒன் வீட்டுக்குத்தான் வரலாம்னு..."

"வராண்டாம். புகார் எழுதணும். எழுதுவியா, வேற ஆளக் கூப்பிடுதியா?"

"எழுதுதேன். கரண்டு இல்லையா? குளிர்பெட்டி ஓடலையா?"

"கரண்டு நல்லாத்தான் இருக்கு. புகார் ஆள் மேல." வார்த்தைகள் நின்று நின்று, தெளிவாக வந்தன. பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் போலும். "ஒங்க ஆபீசர் ஒருத்தி எங்க வீட்டுக்கு வந்தா. என் கதையச் சொல்லட்டுமான்னு கேட்டா. நான் சரின்னேன். ஆனா இருட்டுல எம் மூஞ்சி அவளுக்குத் தெரியல. வெளக்கு வர்ற வரைக்கும் அவ இருக்கல. வெளிய சொல்லாதன்னு நான் தனியாச் சொன்னதும் அவ நெனப்புல இல்ல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அவ ஊருக்காகத்தான் சொன்னா. எனக்கு அது தெரியும். அதையும் எழுது. ஆனா சம்மந்திமாரு மத்தியானம் போன் பண்ணி, யோசிச்சுச் சொல்லுதோம்னுட்டாவ. எம்மவ சாப்பிடாமப் படுத்துருக்கா. அதையும் எழுது."

ஜெசிந்தா எழுதினாள். மன்னிப்பு என்கிற சொல் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் பிலோமி உடனே 'பரவால்லட்டி' என்றுவிடுவாள் என்று தெரிந்ததால், சொல்லாமல் விழுங்கினாள்.

"ஆபீசர் பேரு போடணும்லா?"

"போடணும்."

"முழுப் பேராப் போடு. நாளைக்கு நான் நேர்ல வந்து பாப்பேன், போட்டிருக்கான்னு."

"வா," என்றாள் ஜெசிந்தா.

இணைப்பு அறுந்தது. அவள் உட்கார்ந்து, யார் மீது புகார் என்று கேட்ட கட்டத்தில் ஜெசிந்தா மொராய்ஸ் என்று முழுதாக எழுதினாள். தந்தை பெயரும் கேட்டிருந்தது. அதையும் எழுதினாள். பிறகு பிலோமினா சொன்னதை முதலிலிருந்து படித்துப் பார்த்து, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, அடுத்த அழைப்பை எடுத்தாள்.